முன்னூத்தி ஆறுக்கு அப்புறம்

பூரணத்தோட காலடி எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாக்கெழம காலையில, ஓ.பி. சீட்டு குடுக்குற நேரத்துல. பூரணம் வரல, காலடி மட்டும்தான் வந்துச்சு. வெள்ளப்பாத்தி உப்பளத்துல இருந்து பதினோரு கிலோமீட்டரு, ரோட்டோட இடது ஓரமா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, ஈர உப்புல மிதிச்சு எடுத்த மாதிரி வெள்ளவெள்ளேர்னு, லாரி வந்தா ஒதுங்கி நின்னு, ரயில்வே கேட்டு அடச்சிருந்தப்ப கூட்டத்தோட கூட்டமா காத்துக் கெடந்து, கேட்டு தெறந்ததும் தண்டவாளத்தத் தாண்டி, பஸ் ஸ்டாண்டச் சுத்தி, யாருட்டயும் வழி கேக்காம நேரா வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. வலது கால்ல சுண்டுவெரல் கெடையாது. உப்பு வாருற வாருபலகை விழுந்து போன வெரல் அது.

வாச்சுமேன் குனிஞ்சு பாத்தாரு. செருப்பு இல்ல, வெத்தல இல்ல, கூட நாலு சொந்தக்காரங்க இல்ல. உள்ள விட்டுட்டாரு. சீட்டு குடுக்குறவரு "பேரு?"ன்னாரு, பதில் இல்ல. "புதுசா, பழசா?"ன்னாரு, அதுக்கும் பதில் இல்ல. பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போகுது, சண்டை போட நேரமில்ல, நாப்பத்தியொண்ணாம் நம்பர் சீட்டக் கிழிச்சு மொத காலடிக்கு முன்னால தரையில வெச்சாரு. ஃபேன் காத்துல சீட்டு பறந்துச்சு. எந்திரிச்சுப் போயி பேப்பர்வெயிட்டத் தூக்கி அது மேல வெச்சுட்டு வந்து ஒக்காந்தாரு. அவரு வேலை முடிஞ்சுபோச்சு.

அது பூரணத்தோட காலடிதான்னு மொதல்ல கண்டுபிடிச்சது லூர்தக்கா. அந்த ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிறவ. பதினாறு வருசமா ஈரத் தரையில யாரு மிதிச்சதுன்னு பாத்துப் பாத்து ஏசி ஏசி, அவளுக்கு நோயாளிங்க மூஞ்சி தெரியாது, பாதம் தெரியும். ஒடனே பூரணத்தோட மக இசக்கிக்குப் போன் போட்டா.

"ஏட்டி, ஒங்கம்மா இங்க வந்து நிக்கி."

"எங்கம்மாவா? அவ அளத்துலல்லா இருப்பா?"

"ஒங்கம்மா வரலட்டி, காலடி மட்டும்தான் வந்திருக்கு. பெனாயில் போட்டுத் தொடச்சேன், கரைஞ்சுது. மாப்பப் பிழிஞ்சுட்டுத் திரும்புனா அதே எடத்துல அடுத்தது வந்து நிக்கி. எத்தன வச்சிருக்கா ஒங்கம்மா?"

இசக்கி டவுன் காலேஜ்ல புள்ளியியல் மூணாம் வருசம் படிக்கா. ஹாஸ்டல்ல இருக்கா. வாய் ஜாஸ்தி. மெஸ்ல சாம்பாரு தண்ணியா இருந்தா வார்டன்ட்ட "இது சாம்பாரா, சாம்பாரு வெச்ச பாத்திரம் கழுவுன தண்ணியா"ன்னு கேட்டு மூணு வாட்டி மன்னிப்புக் கடுதாசி எழுதுனவ. அன்னைக்கு அவ ஆச்சரியப்படவே இல்ல. கோவந்தான் வந்துச்சு. தான் மறுபடி போயிக் கேக்குறதுக்கு முன்னால காலடி போயிருச்சேன்னு கோவம். அம்மாவுக்குப் போன் போட்டா.

"ஆமா பிள்ள," பூரணம் சாவகாசமாச் சொன்னா. "காலையில பாத்தியில எறங்கும்போதே பாத்தேன். பழைய தடமெல்லாம் எந்திரிச்சு வரிசையாப் போவுது. எங்க போறியன்னு கேட்டேன், சத்தமே இல்ல. சரி, வெயிலு ஏறுனா தானா திரும்பி வரும்னு விட்டுட்டேன்."

ஆடு மாடு போன மாதிரி சொல்லுதா.

அந்தக் காலடி ஏன் கெளம்பி வந்துச்சுன்னு இசக்கிக்குத் தெரியும். மொத நாள்தான், திங்கக்கெழம, அவ அந்த ஆஸ்பத்திரியில டாக்டர் கோதண்டராமனோட ரூமுக்குள்ள போயி கத்திட்டு வந்திருந்தா.

விசயம் இதுதான். பூரணத்துக்குக் கர்ப்பப்பையில கேன்சர். ஆறு தடவ ஊசி போட்டு, முடி கொட்டி, முடி மொளச்சு, போயிருச்சுன்னு நெனச்ச நோயி திரும்ப வந்துருச்சு. புதுசா ஒரு மருந்து வந்திருக்கு, இருபது பேருக்குத்தான் குடுப்போம், ஆனா எந்திரிச்சு நடமாடுற ஒடம்பா இருக்கணும், படுத்தே கெடக்குற ஒடம்பு அந்த மருந்தத் தாங்காதுன்னு சொன்னாங்க. யாரு நடமாடுறா, யாரு படுத்துக் கெடக்கான்னு கண்டுபிடிக்க ஆளுக்கொரு கறுப்புப் பட்டை. வாட்ச் மாதிரி கையில கட்டணும். இருபத்தியொரு நாள். எத்தன அடி நடக்கீங்கன்னு அதுவே எண்ணிக்கிடும்.

பட்டையக் குடுத்தது அந்த ஆய்வப் பாத்துக்கிற ஷீலா மேடம். நல்ல பொம்பளதான். ஆனா குடுக்கும்போது பூரணத்துட்ட அவ சொன்ன கடைசி வார்த்தை, "வெளிநாட்டுச் சாமான்மா, பத்திரமா வெச்சுக்கங்க."

பூரணம் பத்திரமா வெச்சுக்கிட்டா. உப்புத் தண்ணி பட்டா இரும்பே அரிச்சுப் போவுது, இது எம்மாத்திரம்னு நெனச்சு, தெனமும் அளத்துக்குக் கெளம்பும்போது பட்டையக் கழட்டி, மஞ்சத் துணியில சுத்தி, ரேஷன் கார்டு வெச்சிருக்குற சில்வர் டப்பாக்குள்ள போட்டு, மூடிய அழுத்தி மூடி, பீரோ மேல வெச்சுட்டுப் போவா. சாயங்காலம் வந்து எடுத்து, நல்லாருக்கான்னு தொடச்சுப் பாத்து, கட்டிக்கிட்டுப் படுப்பா. ஒம்பது நாள் இப்படிப் போச்சு. பத்தாம் நாள் லீவுக்கு வந்த இசக்கி டப்பாவத் தெறந்து பாத்துட்டு வீடே இடியிற மாதிரி கத்துனா.

"நடக்கும்போதுல்லா கட்டணும்! படுக்கும்போது கட்டுத! ஒன் தூக்கத்தையா எண்ணச் சொன்னாவ?"

"கெட்டுப்போனா யாரு பதில் சொல்ல? ஆஸ்பத்திரி சாமான் பிள்ள."

அன்னையில இருந்து பாலித்தீன் கவரைச் சுத்தி அளத்துலயும் கட்டிக்கிட்டா. ஆனா அளத்துல பூரணத்தோட வேலை என்ன? தலையில சும்மாடு, சும்மாடு மேல உப்புக் கூடை, ரெண்டு கையும் மேல தூக்கிக் கூடையப் பிடிச்சிருக்கும். நோயி வந்தப்புறம் முழுக்கூடை இல்ல, அரைக்கூடை. பாத்தியில இருந்து உப்பு அம்பாரத்துக்கு வரப்பு மேல நடை, திரும்பி வெறுங்கூடையோட நடை, அப்பவும் கூடை தலையிலதான். அந்தப் பட்டை கை ஆடுனாத்தான் அடின்னு எண்ணும். காலு நடக்குறது அதுக்குத் தெரியாது. கைய வீசிக்கிட்டு பார்க்குல நடக்குறவங்களுக்காகச் செஞ்ச சாமான். தலைச்சுமை தூக்குறவ ஒருத்தி ஒலகத்துல இருக்கான்னு அதச் செஞ்சவனுக்கு யாரும் சொல்லல.

இன்னொண்ணும் இருக்கு. "ஓய்வுல இருக்கீங்களாம்மா?"ன்னு ஆஸ்பத்திரியில கேக்குறப்பெல்லாம், "ஆமாய்யா, நல்ல ஓய்வு"ன்னு பூரணம் சொல்லுவா. மொத ஊசி போட்டப்ப ஓய்வெடுக்கச் சொல்லிருந்தாங்கள்ல, வேலைக்குப் போறேன்னு சொன்னா ஏசுவாங்களேன்னு பயம். ஏச்சுக்குப் பயந்து சொன்ன பொய்ய அப்படியே பைல்ல எழுதி வெச்சுக்கிட்டாங்க.

இருபத்தியொரு நாள் முடிஞ்சு கணக்கு வந்துச்சு. பூரணம், வயசு நாப்பத்தேழு, ஒரு நாளைக்குச் சராசரி இருநூத்திப் பதினாலு அடி. படுத்த படுக்கை. புது மருந்துக்குத் தகுதி இல்ல. அஞ்சாவது மாடிக்கு அனுப்பவும். அஞ்சாவது மாடியில வலிக்கு மாத்திரையும், தோளத் தட்டிக் குடுக்க ஒரு சிஸ்டரும் இருக்காங்க. வேற ஒண்ணும் கெடையாது.

திங்கக்கெழம இசக்கி அந்தத் தாள டாக்டர் மேசையில விரிச்சு வெச்சா.

"எங்க வீட்டுல இருந்து கக்கூசுக்கு எம்பது அடி சார். போயிட்டு வந்தா நூத்தி அறுபது. எங்கம்மா ஒரு நாளைக்கு ஒரு வாட்டிக்கு மேல கக்கூசுக்கே போறதில்லன்னு எழுதிருக்கீங்க. ஊசி போட்ட வயிறு சார் அது."

டாக்டர் கோதண்டராமன் கத்துற ஆளு இல்ல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "ஒன் கோவம் புரியுதும்மா. ஆனா டேட்டா இதான் சொல்லுது."

"டேட்டா எங்கம்மா கூட உப்பு சுமந்துச்சா?"

"அவங்களே ஓய்வுல இருக்கேன்னு சொல்லிருக்காங்க. பட்டையும் அதையேதான் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகுது. எந்திரிக்க முடியாத ஒடம்புக்கு இந்த மருந்தக் குடுத்தா மருந்தே ஆளக் கொன்னுரும். அதுக்காகத்தான் இந்த விதி. நான் கெட்டவன் இல்லம்மா."

"நீங்க நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கவே இல்லையே சார். எண்ணுனது சரியான்னு கேக்கேன். பட்டை ஒம்பது நாள் டப்பாக்குள்ள கெடந்துச்சு. அந்த நாளுக்கெல்லாம் சைபர் போட்டு சராசரி எடுத்திருக்கீங்க. தெரியாததுக்கு சைபர் போடக்கூடாதுங்கிறது மொத வருசப் பாடம். எங்க கிளாஸ்ல போட்டா மார்க்கு கெடைக்காது, வெளிய போன்னு சொல்லுவாங்க."

"வெள்ளிக்கெழம நாலு மணிக்கு லிஸ்டு மூடுது. அதுக்குள்ள புதுசா இருபத்தியொரு நாள் எண்ண முடியாது. விதிய நான் மாத்த முடியாது."

"அப்ப எண்ணாத அடியெல்லாம் எங்க போகும் சார்?"

டாக்டர் அடுத்த பைல எடுத்தாரு. மறுநாள் காலையில அதுகளே வந்து பதில் சொல்லிருச்சு.

மத்தியானத்துக்குள்ள வராந்தா நெறஞ்சுபோச்சு. எடம் பத்தாம, இடிச்சுக்கிடாம, ஒரு காலடி மேல இன்னொரு காலடி அப்பளம் அடுக்குன மாதிரி ஏறி நின்னுச்சு. இசக்கி நோட்டுல போட்டுப் பாத்தா. அரைக்கூடை நடை ஒரு நாளைக்குப் பன்னெண்டாயிரம் அடின்னு வெச்சாலும் இருபத்தியொரு நாளைக்கு ரெண்டரை லட்சம். ரோட்டுல இன்னும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஆஸ்பத்திரியும் ஊரும் அதுக்குப் பழகிக்கிறதுக்கு ஒரு நாள்கூட ஆகல. ஸ்ட்ரெச்சர் தள்ளுறவங்க "ஓரம், ஓரம்"னாங்க, காலடி ஒதுங்குச்சு. பூரி மாஸ்டரு ஒருத்தன் கேன்டீனுக்கு உப்பு மிச்சம்னு கரண்டியோட வந்து, லூர்தக்கா மாப்பக் கம்பத் தூக்குனதும் போயிட்டான். ஸ்கேன் ரூமுக்குப் போறவங்களுக்கு "வெள்ளக் காலடியப் பிடிச்சே போ, முட்டுன எடத்துல இடது பக்கம்"னு வழி சொன்னாங்க. நிர்வாகத்துல இருந்து ஒரு நோட்டீஸ் ஒட்டுனாங்க, காலடிகள் பகல் ஒரு மணிக்கு மேல் வளாகத்தில் நிற்கக் கூடாதுன்னு. காலடிக்குக் கண்ணு ஏது, படிக்கிறதுக்கு? நின்னுச்சு.

டாக்டர் கோதண்டராமன் வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் ஷீலா மேடத்துட்ட, "இத ஆய்வுல சேக்க வழி இருக்கா?"ன்னாரு.

"பட்டை கட்டணும் டாக்டர். கட்டுறதுக்குக் கை வேணும். இதுக்குக் கை இல்லையே."

"அப்ப சேக்க முடியாது," டாக்டர் சொல்லிட்டு, ஒண்ணையும் மிதிச்சிரக் கூடாதுன்னு கவனமாத் தாண்டித் தாண்டி ரூமுக்குப் போயிட்டாரு. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுசன். இசக்கிக்கு அந்த மரியாதையப் பாக்கத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

பொதங்கெழம மத்த நோயாளிங்களோட அடியும் வர ஆரம்பிச்சுது. வாழைத்தார் சுமக்குறவனோட சேத்துக் காலடி வந்துச்சு. ஒரு கெழவனாரு, ஒத்தக் கையால கைத்தடியும் பட்டை கட்டுன கையால சுவரும் பிடிச்சு நடந்தவரு, அவரோட உள்ளங்கை அடையாளம் சுவர் நெடுக வந்துச்சு. ஒரு பொம்பளயோட காலடி ஒண்ணே ஒண்ணு வந்து, பெஞ்சுக்குக் கீழ ஒரே எடத்துல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே கெடந்துச்சு. ஊசி போட்டுட்டு வந்து ஒக்காந்த வாக்குல, கால்ல கயித்தக் கட்டித் தொட்டில் ஆட்டுன காலு அது. அதுக்கும் சைபர்தான் போட்டிருந்தாங்க.

அன்னைக்கு மத்தியானம் வண்டித் தடம் ஒண்ணு வந்துச்சு. ரெண்டு பக்கமும் சக்கரத் தடம், நடுவுல காலடி, குதிகால்ல நசுங்குன கொத்தமல்லி. லூர்தக்கா பாத்துட்டு மாப்பக் கீழ போட்டா.

"ஏட்டி இசக்கி. இது தங்கப்பழம் அண்ணாச்சி."

"யாரு?"

"காய்கறி வண்டி தள்ளுவாருட்டி. மார்க்கெட்டுல இருந்து ஆறு தெரு சுத்துவாரு. போன தடவ லிஸ்டுல இவருக்கும் இல்லன்னுட்டாவ. மேல அஞ்சாவது மாடியிலதான் இருந்தாரு. ஆடியில செத்துப்போனாரு."

வண்டியோட கைப்பிடியப் பிடிச்ச கை எங்க ஆடும்? அவருக்கு எத்தன அடின்னு எழுதுனீங்கன்னு இசக்கி போயி ஷீலா மேடத்தப் பிடிச்சா. ஷீலா மேடம் பைலத் தெறக்கவே இல்ல. தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "முன்னூத்தி ஆறு. நான்தான் டைப் பண்ணேன்."

வியாழக்கெழம தங்கப்பழத்தோட சம்சாரம் சந்தனமாரி வந்தா. கேள்விப்பட்டு வந்திருக்கா. கையில தூக்குவாளி. சக்கரத் தடத்துக்கு நடுவுல நிக்குற காலடியப் பாத்தா, அழல. "செத்தும் வண்டிய விடல பாரு"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து, தூக்குவாளியத் தெறந்து, பழைய சோத்த ஒரு கை மூடியில எடுத்து வெச்சுட்டுத் தான் சாப்பிட்டா. சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தா. யாரும் அவளக் கெளம்பச் சொல்லல.

அதே வியாழக்கெழமதான் அந்தக் கூத்தும் நடந்துச்சு. எங்க இருந்தோ நாலு பேரு வந்து, பூரணத்தோட மொத காலடிக்கு மஞ்சத் தெளிச்சு, குங்குமம் வெச்சு, சூடம் பொருத்திட்டாங்க. சுண்டுவெரல் இல்லாத அம்மன்னு அதுக்குள்ள பேரும் வெச்சாச்சு. சொகமில்லாத பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி, தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒருத்தி, ஸ்டெதாஸ்கோப்பக் கழட்டிப் பையில வெச்சுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்ட சின்ன டாக்டர் ஒருத்தன். காலேஜ் முடிச்சு வந்த இசக்கி இதப் பாத்தா. கும்புட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு நடுவுல பூந்து, சூடத்தக் கையால அமத்தி, துப்பட்டாவ எடுத்துக் குங்குமத்தத் தொடச்சா.

"ஏய், சாமிய…"

"சாமி இல்ல, எங்கம்மா! பூரணம்னு பேரு. கூலிக்கு உப்பு சுமக்கா. சாமின்னு ஆக்கிட்டா மருந்து குடுக்க வேண்டாம்னு எல்லாருக்கும் சௌரியமாப் போயிரும்லா? கும்புடுற நேரத்துல குனிஞ்சு ஒரு பத்து அடிய எண்ணுங்களேன், எவனாவது எண்ணுனீங்களா?"

கை வெந்து போச்சு அவளுக்கு. லூர்தக்கா டூட்டி சிஸ்டர்ட்ட மருந்து வாங்கித் தடவி விட்டுட்டே, "ஒனக்கு இந்த வாய வெச்சுக்கிட்டு எவன் பொண்ணு கேட்டு வருவான்"னா. "வாறவன் மொதல்ல எண்ணத் தெரிஞ்சவனா இருக்கட்டும்"னா இசக்கி.

வெள்ளிக்கெழம மூணு மணிக்குப் பூரணம் வந்தா. உப்பு லாரி டிரைவர்ட்ட சொல்லி, லாரியிலயே வந்து எறங்குனா. வேலை நடுவுல வந்ததால தலையில சும்மாடும் அரைக்கூடை உப்பும் அப்படியே இருந்துச்சு. வாச்சுமேன் செருப்பப் பாக்கக் குனிஞ்சாரு, அவ கால்லயும் செருப்பு இல்ல.

"எம்மா, கூடைய எறக்கு," இசக்கி ஓடி வந்தா.

"எறக்கி வெச்சா எவனாச்சும் பூசை போட்டுருவான். இருக்கட்டும்." பூரணம் வராந்தாவப் பாத்தா. ரெண்டரை லட்சம் காலடியும் அவளப் பாத்துச்சு. "அடப் பாவியளா, நாலு நாளா சோறு தண்ணி இல்லாம இங்கயா நிக்கிய? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஒண்ணும் அசையல.

சத்தம் கேட்டு டாக்டர் வெளிய வந்தாரு. இசக்கி வாயத் தெறக்குறதுக்குள்ள பூரணம் பேசிட்டா. "ஐயா, நான் ஓய்வுல இருக்கேன்னு சொன்னது பொய்யி. வேலைக்குப் போறேன்னா ஏசுவீயன்னு பயந்து சொன்னேன். அதுக்கு வேணா ஏசுங்க. ஆனா நான் நடக்கலன்னு மட்டும் சொல்லாதிய."

டாக்டர் திரும்புனாரு. "ஷீலா, ஒரு பட்டை கொண்டா." கூடையப் பிடிச்சிருந்த கை அப்படியே மேல இருக்க, ஷீலா மேடம் கைய எக்கிக் கட்டுனா. "நடங்கம்மா. வராந்தா முனை வரைக்கும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

பூரணம் நடந்தா. பழைய காலடி எல்லாம் ரெண்டு பக்கமும் விலகி வழி விட்டுச்சு. கழுத்து ஆடாம, கூடை ஆடாம, வரப்பு மேல போற மாதிரி ஒரே கோட்டுல அந்த முனைக்குப் போனா, திரும்புனா, வந்தா, மறுபடி போனா. மூச்சு வாங்குச்சு. நிக்கல. டாக்டர் கோதண்டராமன் இருபத்திரெண்டு வருசமா நோயாளிங்க கதவுல இருந்து ஸ்டூல் வரைக்கும் நடக்குறதத்தான் பாத்திருக்காரு. ஒரு ஆளு ஆறு நிமிசம் நடக்குறத முழுசாப் பாத்தது அன்னைக்குத்தான். இசக்கி எண்ணுனா, லூர்தக்கா எண்ணுனா, வரிசையில நின்னவங்க எல்லாரும் வாய்விட்டு எண்ணுனாங்க. நானூத்தி எழுவத்திரெண்டுல டாக்டர் கைய ஒசத்துனாரு.

ஷீலா மேடம் பட்டையத் திருப்பிக் காட்டுனா. பதினொண்ணு.

மூணு அம்பதுக்கு டாக்டர் லிஸ்ட எடுத்து, இருநூத்திப் பதினாலு மேல கோடு போட்டு, பக்கத்துல "நானே பார்த்தேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. திங்கக்கெழம மருந்து. பூரணம் கூடைய எறக்கிட்டு, கையெடுத்துக் கும்புடப் போனா. இசக்கி அந்தக் கையப் பிடிச்சுக் கீழ எறக்குனா.

"இதுக்கு ஆறு நிமிசம்தான் ஆச்சு சார்," அம்மா கைய விடாமலே கேட்டா. "இத மொத நாளே செஞ்சிருக்கலாம்லா?"

"செஞ்சிருக்கணும்," டாக்டர் மெதுவாச் சொன்னாரு. "அதான் போட்டாச்சே. இதையெல்லாம் கூட்டிட்டுப் போங்கம்மா இனிமே."

பூரணம் கூப்புட்டா. இசக்கி கூப்புட்டா. லூர்தக்கா ஏசிப் பாத்தா. ஒரு காலடிகூட நகரல. அப்பத்தான் இசக்கிக்குப் பிடிபட்டுச்சு. அதுக கையெழுத்துக்கு வரல. வாய் பேச ஒரு மக இருக்குற ஒருத்திக்கு மட்டும் ஒரு கோடு போட்டு ஒரு கையெழுத்துப் போட்டா மத்த சைபரெல்லாம் சைபராவே கெடக்கும்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு.

"எண்ணுங்க சார். பட்டை இல்லாம, ஆளு வெக்காம, நீங்களே ஒங்க வாயால எண்ணுங்க."

டாக்டர் அவளப் பாத்தாரு. வராந்தாவப் பாத்தாரு. கோட்டக் கழட்டி நாக்காலியில போட்டுட்டு, பூரணத்தோட மொத காலடிக்கு முன்னால குனிஞ்சாரு.

"எனக்கு அவசரம் இல்லய்யா," பூரணம் சொன்னா. மூச்சு இன்னும் வாங்குச்சு. "எனக்குத் திங்கக்கெழம இருக்குல்லா. மொதல்ல அந்த மனுசன எண்ணுங்க."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சக்கரத் தடத்துக்குப் பக்கத்துல சந்தனமாரி தூக்குவாளிய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. டாக்டர் அங்க போனாரு. முட்டி போட்டாரு. அவரு கழுத்துக்குப் பின்னால வேர்த்திருந்துச்சு.

"ஒண்ணு,"ன்னாரு.

மொத காலடி காஞ்சு, வெளுத்து, தரையோட மறைஞ்சுபோச்சு. கொத்தமல்லி வாசன மட்டும் கொஞ்சம் நின்னுச்சு.

"ரெண்டு. மூணு."

நாலு மணி அடிச்சுது. யாரும் லிஸ்ட மூடப் போகல. அவரு முட்டி போட்டு நகந்து நகந்து எண்ணுனாரு, அம்பது, நூறு, நூத்தி அம்பது, ஒவ்வொண்ணாத் தடம் காஞ்சுக்கிட்டே வந்துச்சு, லூர்தக்கா காஞ்ச தரையத் தொடைக்காம அப்படியே விட்டா, ஷீலா மேடம் சுவத்துல சாஞ்சு வாயப் பொத்திக்கிட்டா, இருநூறு, இருநூத்தி அம்பது, முன்னூறு.

"முன்னூத்தி அஞ்சு. முன்னூத்தி ஆறு."

டாக்டர் நிறுத்துனாரு. பைல்ல தங்கப்பழத்தோட கணக்கு அங்கதான் முடிஞ்சிருந்துச்சு. அவரு கண்ணாடியக் கழட்டுனாரு, தொடைக்கல, கையிலயே வெச்சிருந்தாரு. முன்னால வராந்தா முனை வரைக்கும், படிக்கட்டு வரைக்கும், வாசல் தாண்டி ரோட்டுல மார்க்கெட்டு வரைக்கும், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல காலடி வரிசையா நின்னுச்சு.

சந்தனமாரி தூக்குவாளியக் கீழ வெச்சா.

"ம்," அப்படின்னா. "மேல எண்ணுங்க டாக்டரே."